மகள் ஜர்னலிசம், லத்தீன், பிரீ-லா என்கிறாள், அதுவும் கம்யூனிட்டி காலேஜில். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

ரவுண்ட்ராக்வாசி

எல்லோருக்கும் வணக்கம். ஆஸ்டினுக்கு வடக்கே ரவுண்ட்ராக்கில் இருக்கிறோம். பெரியவள் இந்த மே மாதம் பள்ளியை முடிக்கிறாள். யூடி ஆஸ்டினில் (டெக்சாஸ் பல்கலைக்கழகம்) கேட்ட பிரிவு கிடைக்கவில்லை. வெளி மாநிலத்தில் கிடைத்த இடத்தின் செலவைப் பார்த்துவிட்டு அவளே வேண்டாம் என்றாள். இப்போது, ஆஸ்டின் கம்யூனிட்டி காலேஜில் (ஏசிசி) இரண்டு வருடம் ஜர்னலிசமும் லத்தீனும் படிக்கிறேன், கூடவே பிரீ-லா, அப்புறம் யூடிக்கு டிரான்ஸ்பர், அதன் பிறகு லா ஸ்கூல் என்கிறாள்.

ஊரில் பிளஸ் டூ முடித்து நேராக ஐந்து வருடச் சட்டப் படிப்பில் சேர்ந்தவன் என் தம்பி. "பிரீ-லான்னா என்ன டிகிரி?" என்று கேட்டான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. லத்தீன் எதற்கென்றும் தெரியவில்லை. பத்திரிகை வேலையோ வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போகிறது. அவள் அம்மா பக்கத்துச் சொந்தத்தில் "கம்யூனிட்டி காலேஜ்" என்ற சொல்லுக்கே முகம் மாறுகிறது.

கிரீன் கார்டு வந்துவிட்டது, விசா பிரச்சினை இல்லை. அவளைத் தடுக்கும் எண்ணமும் இல்லை. ஆனால் இரண்டு வருடம் கழித்து "இந்த கிரெடிட் செல்லாது, அந்த கிரெடிட் செல்லாது" என்று நிற்கக் கூடாது. திட்டாமல் சொல்லுங்கள்.

டல்லாஸ்_பாலா

திட்டவில்லை சார், ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேசாத மொழி ஒன்று, ஆள் குறைக்கும் தொழில் ஒன்று, டிகிரியே இல்லாத டிகிரி ஒன்று. மூன்றையும் ஒரே பிள்ளை தேடிப் பிடித்திருக்கிறாளே, யார் சொல்லிக் கொடுத்தது? பெண் கெட்டிக்காரி என்கிறீர்கள். அக்கவுண்டிங் படிக்கட்டும், அப்புறம் லா ஸ்கூல் போகட்டும். நடுவில் வேலை போனாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

கணக்குப்பிள்ளை

பாலா அண்ணா, அக்கவுண்டிங் வேண்டாம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்ட கேள்வி அதுவல்ல. என் மகன் ஏசிசியில் இரண்டு வருடம் படித்துவிட்டுத்தான் மாறினான். அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம், அதனால் முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

டெக்சாஸில் அரசுக் கல்லூரிகளுக்குப் பொதுவான பாட எண் முறை இருக்கிறது. லத்தீன் 1411 என்றால் முதல் 1 முதலாண்டுப் பாடம் என்பதைக் குறிக்கும், அடுத்த 4 அதற்கான கிரெடிட். லத்தீன் 1411, 1412, 2311, 2312 என நான்கு செமஸ்டரும் எடுத்தால் 4+4+3+3, மொத்தம் 14. இதற்கு மேல் எல்லோரும் முடிக்க வேண்டிய கோர் 42 கிரெடிட். அதை முழுசாக முடித்துவிட்டால் மாநிலத்தின் எந்த அரசுப் பல்கலைக்கழகமும் மொத்தமாக ஏற்றுக்கொள்ள வேண்டும், அது சட்டம். கவர்ன்மெண்ட் 2305, 2306, ஹிஸ்டரி 1301, 1302 எல்லாம் அதற்குள்தான் வரும். சட்டம் படிக்கப் போகிற பிள்ளைக்கு அவை எப்படியும் வேண்டிய பாடங்களே.

ஜர்னலிசத்துக்கு காம் 1307 (மாஸ் கம்யூனிகேஷன் அறிமுகம்), 2311 (மீடியா ரைட்டிங்), 2315 (நியூஸ் ரிப்போர்ட்டிங்). மூன்றும் சேர்ந்து 9.

42, 14, 9. கூட்டினால் 65. முதல் இரண்டு வருடப் பாடங்களில் 66 கிரெடிட்டுக்கு மேல் ஏற்க வேண்டும் என்று பல்கலைக்கழகங்களுக்குக் கட்டாயம் இல்லை. ஆக இவள் கேட்கும் மூன்றும் ஒரு கிரெடிட் மிச்சம் வைத்து உள்ளே அடங்குகின்றன. 1307 சில கல்லூரிகளில் கோருக்குள்ளேயே வரும். அப்படி வந்தால் 3 கிரெடிட் லாபம். அந்த இடத்தில் ஃபிலாசஃபி 2303, அதாவது ஃபார்மல் லாஜிக், வைத்துக்கொள்ளலாம்.

செலவையும் சொல்லிவிடுகிறேன். மாவட்டத்துக்குள் இருப்பவர்களுக்கு ஏசிசியில் கிரெடிட்டுக்கு 85 டாலர் என்பதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு. 65 கிரெடிட்டுக்கு 5,525 டாலர், புத்தகம் தனி. 2024இல் பள்ளி முடித்தவர்களிலிருந்து தொடங்கி, அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்குக் கட்டணமே வாங்காத திட்டம் ஒன்றும் கொண்டுவந்திருக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அது பொருந்துகிறதா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள்.

வைகைக்கரை_வக்கீல்

மதுரையில் கொஞ்ச காலம் கறுப்புக் கோட்டு போட்டவன். இப்போது ஹூஸ்டனில் இருக்கிறேன். தம்பி கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன்.

பிரீ-லா என்பது டிகிரி அல்ல. இங்கே சட்டம் முதுகலைப் படிப்பு மாதிரி. எதிலாவது நான்கு வருட டிகிரி வாங்கிய பிறகு மூன்று வருடம் ஜே.டி. என்ற சட்டப் படிப்பு. "சட்டம் படிக்க இந்த மேஜர்தான் வேண்டும்" என்று அமெரிக்கன் பார் அசோசியேஷன் சொல்வதில்லை. ஆங்கிலம் படித்தவர், பொறியியல் படித்தவர், இசை படித்தவர் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்பார்கள். கல்லூரியில் "பிரீ-லா" என்று சொன்னால், சட்டம் படிக்கும் எண்ணம் இருக்கிறது, ஒரு அட்வைசரைக் கொடுங்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான்.

இதில் ஒரு வலை இருக்கிறது, அதை மட்டும் கவனியுங்கள். கம்யூனிட்டி காலேஜ் பாடப் பட்டியலில் "லா" என்று தேடினால் முதலில் வந்து நிற்பது பாராலீகல், அதாவது வக்கீலுக்கு உதவியாளர் வேலைக்கான வகுப்புகள். டெக்சாஸில் அவற்றின் எண் எல்ஜிஎல்ஏ என்று தொடங்கும். நல்ல படிப்பு, முடித்த கையோடு வக்கீல் அலுவலகத்தில் வேலைக்கே போகலாம். ஆனால் அது தொழிற்கல்விக் கணக்கில் வருவது. பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் டிகிரிக்குச் சேர்த்துக்கொள்ளாது. பெயரில் சட்டம் இருக்கிறதே என்று நான்கைந்து வகுப்பு எடுத்துவிட்டு, டிரான்ஸ்பர் சமயத்தில் முழிக்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம் மதிப்பெண். லா ஸ்கூல் விண்ணப்பங்கள் எல்லாம் எல்எஸ்ஏசி என்ற அமைப்பு வழியாகத்தான் போகும். அவர்கள் ஜிபிஏவை, அதாவது மதிப்பெண் சராசரியை, தாங்களே மறுபடி கணக்குப் போடுவார்கள். யூடிக்கு மாறிய பின் யூடியின் ஜிபிஏ புதிதாகத் தொடங்கும். எல்எஸ்ஏசிக்கு அந்தப் புதுத் தொடக்கம் கிடையாது. முதல் டிகிரி வாங்கும்வரை எந்தக் கல்லூரியில் எடுத்த கிரெடிட்டும் உள்ளே வரும். ஏசிசியில் முதல் செமஸ்டரில் வாங்கிய சி, நான்கு வருடம் கழித்து ஹார்வர்டு மேசையிலும் தெரியும். வகுப்பைத் திரும்ப எடுத்து ஏ வாங்கினால் கல்லூரி பழையதை மறைக்கலாம். எல்எஸ்ஏசி இரண்டையும் சேர்த்துத்தான் எண்ணும்.

"கம்யூனிட்டி காலேஜ்தானே, லேசாக இருக்கும்" என்று போகிற பிள்ளைகள் அடி வாங்குவது இங்கேதான். கல்லூரியின் பெயரால் அல்ல.

டல்லாஸ்_பாலா

வக்கீல் சார், அப்படியென்றால் லத்தீன் இன்னும் மோசம் அல்லவா? கஷ்டமான பாடம், பி வந்தால் ஜிபிஏ போச்சு. எந்த ஜட்ஜும் லத்தீனில் கேள்வி கேட்கப் போவதில்லை.

வைகைக்கரை_வக்கீல்

சட்டத்துக்காக லத்தீன் படிக்கிறாள் என்றால் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மென்ஸ் ரியா, ஸ்டேர் டிசைசிஸ், அமிக்கஸ் கியூரி என்று புழக்கத்தில் இருப்பவற்றை மொழி தெரியாமலே முதல் வருடத்தில் கற்றுக்கொள்ளலாம். நம் அரசியல் சாசனத்தின் 32ஆம் பிரிவிலேயே ஹேபியஸ் கார்ப்பஸ், மாண்டமஸ், குவோ வாரண்டோ, செர்ஷியோராரி எல்லாம் வரிசையாக இருக்கின்றன. மதுரையில் ஹேபியஸ் கார்ப்பஸ் மனு போடுகிற யாரும் லத்தீன் படித்ததில்லை. நானும் படித்ததில்லை.

உச்சரிப்பு கூட ஒத்துவராது. இங்கே வக்கீல்கள் "செர்ஷியரேரி" என்பார்கள். லத்தீன் வகுப்பில் அதே எழுத்துகள் "கெர்தியோராரி". நீதிமன்றத்தில் வாத்தியார் சொன்ன மாதிரி சொன்னால் சிரிப்பார்கள், வகுப்பில் வக்கீல் மாதிரி சொன்னால் திருத்துவார்கள்.

நான்காம்_வேற்றுமை

லத்தீன் என்று பார்த்ததும் ஓடி வந்தேன். சான் அன்டோனியோவில் பள்ளி ஆசிரியை. கல்லூரியில் என் இரண்டாவது மேஜர் கிளாசிக்ஸ்.

வக்கீல் சார் சொல்வது சரி, கோர்ட்டுக்காக லத்தீன் வேண்டாம். ஆனால் பாலா சார் சொல்கிற அளவுக்கு அது கஷ்டமும் இல்லை. குறிப்பாக வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு. என் வகுப்புத் தோழர்கள் முதல் மாதம் முழுக்கத் திணறிய இடம் எனக்குப் பழகிய இடமாக இருந்தது. "கனிஸ் விரும் மோர்தெத்" என்றால் நாய் மனிதனைக் கடிக்கிறது. "விரும் கனிஸ் மோர்தெத்" என்று மாற்றிப் போட்டாலும் கடிப்பது நாய்தான். ஆங்கிலத்தில் இடம் மாறினால் பொருளே கவிழ்ந்துவிடும், அதனால் அவர்களுக்கு இது மாயமாகத் தெரியும். நமக்கு "மனிதனை நாய் கடிக்கிறது" என்பது சாதாரணப் பேச்சு. அந்த "விரும்" கடைசியில் இருக்கும் ம், நம் ஐ செய்யும் வேலையைச் செய்கிறது. வினை கடைசியில் வரும். எழுவாயைச் சொல்லாமலே விடலாம். "அமோ" என்றால் நேசிக்கிறேன், "அமாமுஸ்" என்றால் நேசிக்கிறோம். யார் என்பது விகுதியிலேயே இருக்கிறது. அப்லேட்டிவ் அப்சொல்யூட் என்று ஒரு பூதத்தைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். "உர்பே காப்தா" என்பது "நகரம் பிடிபட்டதும்". அவ்வளவுதான், தினமும் நாம் பேசுகிற வாக்கியம்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது, அதையும் சொல்லவேண்டும். பெயரடை பெயரோடு சேர்ந்து மாறும். நமக்கு நல்ல பெண், நல்ல பையனை, நல்ல ஊருக்கு என எங்கே போட்டாலும் "நல்ல"தான். அவர்களுக்கு "போனா புயெல்லா", "போனும் விரும்". "அக்ரிகோலா" என்ற விவசாயி பார்க்கப் பெண்பால் மாதிரி இருந்துகொண்டு "போனுஸ்" கேட்பார். கப்பல் பெண்பால், போர் அஃறிணை, இதற்கெல்லாம் காரணம் கேட்கக் கூடாது. நாம் "நான் பார்த்த நாய்" என்று பெயரெச்சத்தில் சுருக்கமாக முடிப்பதற்கு அவர்கள் தனியாக ஒரு பிரதிப்பெயரைக் கொண்டுவந்து, அதற்கும் பால், எண், வேற்றுமை பார்த்து வடிவம் கொடுப்பார்கள். இரண்டாம் செமஸ்டரில் பாதிப் பேர் காணாமல் போவது இந்த இடத்தில்தான்.

வாரத்தில் ஒருநாள் உட்கார்ந்து மொத்தமாகப் படிக்கிற பாடம் இல்லை இது. தினமும் அரை மணி, அட்டவணையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்படிச் செய்கிறவளுக்கு ஏ வாங்குவதில் கஷ்டம் இருக்காது.

குமரித்துறைவன்

நடுவில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மொழித் தேவைக்காக என்றால் தமிழையே எடுக்கலாமே? யூடியில் தமிழ் கற்பித்து வந்திருக்கிறார்களே. நம் மொழியை விட்டுவிட்டு எதற்கு ரோமாபுரிக்குப் போக வேண்டும்?

நான்காம்_வேற்றுமை

எடுக்கலாம், யார் வேண்டாம் என்றார்கள்? ஆனால் இரண்டையும் சண்டைக்கு நிறுத்த வேண்டியதில்லை அண்ணா. வீரமாமுனிவர் கொடுந்தமிழுக்கு எழுதிய இலக்கணமே லத்தீனில்தான் இருக்கிறது. 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது. அதை மூலத்தில் படிக்க முடிகிற தமிழர்கள் எத்தனை பேர்? ஒருத்தி கூடினால் நல்லதுதான்.

அச்சுமை

யாருமே ஜர்னலிசம் பக்கம் வரவில்லையே. டெக்சாஸில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் மாணவர் பத்திரிகையில் எடிட்டராக இருந்துவிட்டு, இப்போது ஒரு சின்ன ஊர்ப் பத்திரிகையில் நிருபர். சம்பளம் பற்றி யாரும் கேட்காதீர்கள்.

இந்த மூன்றில் அந்தப் பெண்ணை உண்மையில் மாற்றப் போவது பத்திரிகை அறைதான் என்பது என் அபிப்பிராயம். பெரிய பல்கலைக்கழகத்தில் முதல் வருட மாணவிக்கு யாரும் முதல் பக்கம் தரமாட்டார்கள், வரிசையில் நிற்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் ஆள் பற்றாக்குறை. சேர்ந்த மாதமே கல்லூரி அறங்காவலர் கூட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

நான் போன முதல் கூட்டம் அப்படித்தான். தலையணை தடிமனில் ஒரு அஜெண்டா. பேசியதெல்லாம் பார்க்கிங் பற்றி. மூன்று மணி நேரம். அஜெண்டாவின் பின்பக்கம் "கன்சென்ட்" என்ற தலைப்பில், விவாதமே இல்லாமல் மொத்தமாகக் கை தூக்கி நிறைவேற்றும் பட்டியலில், ஒரு ஒப்பந்த நீட்டிப்பு இருந்தது. அதைக் கவனித்துக் கேட்டதும் அதிகாரியின் பதில் மழுப்பலாக இருந்தது. ஆசிரியர் சொன்னது ஒன்றுதான், "எழுதிக் கேள்." டெக்சாஸ் பொதுத் தகவல் சட்டம் 1973இல் வந்தது, ஷார்ப்ஸ்டவுன் ஊழலுக்குப் பிறகு. நம் ஊர் ஆர்டிஐ மாதிரிதான். கேட்டதைக் கொடுக்க மனமில்லை என்றால் அவர்கள் 10 வேலை நாளுக்குள் மாநில அட்டர்னி ஜெனரலிடம் போய், மறைக்கலாமா என்று கேட்க வேண்டும். அந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோதுதான் சட்டப் பிரிவு ஒன்றை முழுசாகப் படித்தேன். எந்தச் சொல் "வேண்டும்", எந்தச் சொல் "லாம்" என்று. சட்டம் படிக்க வேறு என்ன முன்பயிற்சி வேண்டும், வக்கீல் சார்தான் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, பெயரை எழுத்துப் பிழையோடு எழுதினால் எங்கள் வகுப்பில் அந்தக் கட்டுரைக்கே பூஜ்யம். நிறைய ஜர்னலிசம் வகுப்புகளில் இந்த வழக்கம் உண்டு. மிஸ்டர் ஸ்மித் என்று சொன்னாலும் எஸ்எம்ஐடிஎச்சா, எஸ்எம்ஒய்டிஎச்சா என்று கேட்டே ஆக வேண்டும். நம் பிள்ளைகளுக்கு இதில் கூச்சம் இருக்காது. வாழ்நாள் முழுக்கத் தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லிப் பழகியவர்கள்.

வைகைக்கரை_வக்கீல்

தம்பி, அருமை. இதற்குமேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, ஒரு வழக்கைத் தவிர. நியூயார்க் டைம்ஸ் எதிர் சல்லிவன், 1964. மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஆதரவாக டைம்ஸில் வந்த ஒரு முழுப்பக்க விளம்பரம். அதில் சின்னச் சின்னத் தவறுகள். கிங் ஏழு முறை கைதானார் என்று போட்டிருந்தார்கள், உண்மையில் நான்கு முறை. மாணவர்கள் எந்தப் பாட்டைப் பாடினார்கள் என்பதில்கூடத் தவறு. மாண்ட்கமரியில் போலீசுக்குப் பொறுப்பான கமிஷனர் அவதூறு வழக்குப் போட்டார். விளம்பரத்தில் அவர் பெயரே இல்லை. அலபாமா ஜூரி 5 லட்சம் டாலர் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து அதைத் தூக்கி எறிந்தார்கள். பதவியில் இருப்பவர், பொய் என்று தெரிந்தே எழுதினார்கள், அல்லது பொய்யா என்று கவலையே படாமல் எழுதினார்கள் என்று நிரூபிக்க வேண்டும் என்பது அப்போது வந்த விதி. ஜர்னலிசம் மாணவர்களும் சட்ட மாணவர்களும் ஒரே தீர்ப்பைத் தனித்தனிக் கட்டடத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள். உங்கள் மகள் அதை இரண்டு பக்கமிருந்தும் படிப்பாள்.

ஃபார்மல் லாஜிக் பற்றிக் கணக்குப்பிள்ளை அம்மா சொன்னதற்கு ஒரு பின்குறிப்பு. லா ஸ்கூல் நுழைவுத் தேர்வான எல்சாட்டில் "லாஜிக் கேம்ஸ்" என்ற பகுதியை 2024 ஆகஸ்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது மதிப்பெண்ணுக்கு வருவது வாதங்களை ஆராயும் பகுதி இரண்டு, வாசித்துப் புரிந்துகொள்ளும் பகுதி ஒன்று. அதனால் லாஜிக் வகுப்புக்கு முன்பிருந்த அவசரம் இல்லை. இடம் இருந்தால் எடுக்கட்டும், இல்லையென்றால் கவலை வேண்டாம். அடர்த்தியான பத்தியைப் பொறுமையாகப் படிக்கிற பழக்கம் முக்கியம், அதற்கு லத்தீன் உதவும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

டல்லாஸ்_பாலா

சரி, தோற்றுப்போனேன் என்று நினைக்காதீர்கள். எல்லாம் நன்றாக நடந்தால் நல்ல திட்டம்தான். யூடி எடுக்கவில்லை என்றால்? லா ஸ்கூலுக்கு மனசு மாறிவிட்டால்? அப்போது கையில் இருப்பது ஜர்னலிசம். அச்சுமை தம்பியே சம்பளத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

அச்சுமை

நியாயமான கேள்வி அண்ணா. என்னோடு அந்த அறையில் இருந்தவர்களில் நிருபர்களாக இருப்பது சிலர்தான். மற்றவர்கள் நகராட்சி அலுவலகம், மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று எழுதத் தெரிந்த ஆள் தேவைப்படுகிற இடங்களில் இருக்கிறார்கள். சம்பளம் என்னுடையதைவிட மேல். ஆஸ்டினில் இருப்பதால் ஒரு வசதி, மாநிலச் சட்டமன்றம் அங்கேயே இருக்கிறது. டெக்சாஸ் டிரிப்யூன் போன்ற லாப நோக்கமில்லாத செய்தி நிறுவனம் 2009இலிருந்து அங்கே இயங்குகிறது. நியூயார்க் போய்த்தான் கற்க வேண்டும் என்ற நிலை இல்லை.

கணக்குப்பிள்ளை

யூடிக்கு மாறுவது எளிது என்று யாரும் உங்களை நம்பவைக்க விடாதீர்கள். பள்ளியில் முதல் சில சதவீதத்தில் வந்தால் தானாக இடம் என்ற விதி, டிரான்ஸ்பர் மாணவர்களுக்குக் கிடையாது. ஜர்னலிசம், யூடியில் "மூடி" (Moody) என்ற பெயருள்ள கல்லூரிக்குள் வருகிறது, தனியாகப் போட்டி. சான் மார்கோஸில் டெக்சாஸ் ஸ்டேட் இருக்கிறது, அங்கும் ஜர்னலிசம் பள்ளி உண்டு, ரவுண்ட்ராக்கிலிருந்து ஐ-35இல் நேர் தெற்கே. இரண்டுக்கும் போடட்டும். என் மகன் முதலில் கேட்ட இடத்துக்குப் போகவில்லை, இரண்டாவதாகக் கேட்ட இடத்தில் நன்றாகவே இருக்கிறான்.

சொந்தக்காரர்கள் முகம் மாறுவது பற்றி: டிகிரியில் பல்கலைக்கழகத்தின் பெயர்தான் இருக்கும். இந்த மாதிரிக் கல்லூரி புதிதும் இல்லை, இல்லினாய்சில் ஜோலியட் ஜூனியர் காலேஜ் 1901இலிருந்து நடக்கிறது. நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

லத்தீன் பற்றித்தான் எனக்கு உண்மையான பயம். முதல் செமஸ்டர் வகுப்புக்கு ஆள் சேரும். இரண்டாம் வருடத்துக்கு நான்காம் வேற்றுமை அக்கா சொன்ன மாதிரி பாதிப் பேர் போய்விடுவார்கள். குறைந்தபட்ச எண்ணிக்கை இல்லையென்றால் செமஸ்டர் தொடங்கும் வாரத்தில் வகுப்பை ரத்து செய்வார்கள். எந்தச் சின்னக் கல்லூரியிலும் இது நடக்கும். 1411ஐ முதல் ஃபாலிலேயே, அதாவது ஆகஸ்டில் தொடங்கும் செமஸ்டரிலேயே, எடுத்தால்தான் நான்கும் இரண்டு வருடத்தில் முடியும். ஒரு செமஸ்டர் தள்ளினால் சங்கிலி அறுந்துவிடும்.

நான்காம்_வேற்றுமை

அது நடக்கத்தான் செய்யும். மாற்று வழி, வேறொரு டெக்சாஸ் கல்லூரியில் அதே எண்ணுள்ள வகுப்பை ஆன்லைனில் எடுப்பது. பொது எண் முறையால் 2311 எங்கே எடுத்தாலும் 2311தான். கட்டணம் கொஞ்சம் கூடும். கட்டணமில்லாத திட்டத்தில் இருந்தால் அது வெளிக் கல்லூரிக்குப் பொருந்தாது.

புதுவரவு_எச்4

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் பையன் எச்-4 (எச்-1பியில் வந்தவரின் குடும்பத்துக்கான விசா). அவனும் ஜர்னலிசம் கேட்கிறான். இன்டர்ன்ஷிப் போக முடியுமா?

வைகைக்கரை_வக்கீல்

படிக்கலாம், சம்பளம் வாங்கும் வேலைக்குப் போக முடியாது. மாணவர் பத்திரிகையில் வகுப்பாக எழுதுவது பரவாயில்லை, சம்பளமுள்ள எடிட்டர் பதவி வேண்டாம். ஃபெடரல் நிதி உதவி கிடையாது. 21 வயது ஆனதும் எச்-4 முடிந்துவிடும், அதற்கு முன்பே மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும். இதைத் தனி இழையாகப் போடுங்கள், இங்கே எழுதினால் காணாமல் போய்விடும். குடியேற்ற வக்கீல் ஒருவரையும் பாருங்கள், நான் அந்தத் துறை இல்லை.

ரவுண்ட்ராக்வாசி

எல்லோருக்கும் நன்றி. பிரிண்ட் எடுத்து மகளிடம் கொடுத்தேன். லத்தீன் எதற்கு என்று இத்தனை நாள் நான் நேரடியாகக் கேட்கவே இல்லை. "பிடித்திருக்கிறது" என்றாள், வேறு காரணம் இல்லையாம். பள்ளி நூலகத்தில் ஏதோ பழைய பாடப் புத்தகம் கிடைத்து, தானே முதல் சில பாடம் போட்டுப் பார்த்திருக்கிறாள்.

கட்டணமில்லாத் திட்டத்துக்குத் தகுதி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். எழுத்தில் கேட்டிருக்கிறேன். லத்தீன் 1411 ஃபாலில் இருக்கிறது, பதிவு செய்துவிட்டாள்.

ஆனால் வக்கீல் சார் எழுதியதைப் படித்த பிறகு ஒன்று தெரியவந்தது. பதினோராம் வகுப்பில் டூயல் கிரெடிட்டாக, அதாவது பள்ளிக்கும் கல்லூரிக்கும் சேர்த்துக் கணக்கில் வரும்படி, ஹிஸ்டரி 1301 எடுத்தாள், அதில் சி. பள்ளிக் கணக்குத்தானே என்று நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதுவும் எல்எஸ்ஏசிக்குப் போகுமா?

வைகைக்கரை_வக்கீல்

போகும். கல்லூரி கிரெடிட் என்றால் பள்ளியில் இருந்தபோது எடுத்ததும் கணக்கில் வரும். ஆனால் பயப்படாதீர்கள். 120 கிரெடிட்டில் 3 மட்டும் சி, மற்றதெல்லாம் ஏ என்று வைத்தால் 474ஐ 120ஆல் வகுக்க 3.95. அந்த இடத்தில் யாரும் கதவைச் சாத்த மாட்டார்கள். ஜிபிஏவை ஏற்றுவதற்காக அதே 1301ஐத் திரும்ப எடுக்க வேண்டாம், பழைய சி போகாது.

இனிமேல் ஒரு வகுப்பு கைமீறிப் போகிறது என்று தெரிந்தால் கடைசித் தேதிக்குள் விலகலாம். விலகியதற்குப் போடும் டபிள்யூ ஜிபிஏவில் சேராது. ஆனால் டெக்சாஸ் அரசுக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் சேர்த்து இளங்கலை முழுவதற்கும் ஆறு விலகல்தான், 2007இலிருந்து அப்படி. இஷ்டத்துக்கு எடுத்துவிட முடியாது.

கணக்குப்பிள்ளை

1301 ஏற்கெனவே முடிந்திருந்தால் இன்னொரு நல்லதும் இருக்கிறது. கோரில் 3 கிரெடிட் குறைந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு மிச்சம் 62தான். ஒரு செமஸ்டருக்குப் பதினைந்து, பதினாறு. லத்தீன் இருக்கிற முதல் செமஸ்டரில் இன்னும் ஒரு வகுப்பைக் குறைத்துக் கோடையில் போடலாம். டூயல் கிரெடிட் எந்தக் கல்லூரி வழியாக எடுத்தாள்? ஏசிசி இல்லையென்றால் அந்தக் கல்லூரியிலிருந்து டிரான்ஸ்கிரிப்டை இப்போதே அனுப்பச் சொல்லுங்கள். பள்ளி அனுப்பாது.

அச்சுமை

பத்திரிகை அறைக்குப் பதிவு எதுவும் வேண்டாம் சார். ஆகஸ்டில் வகுப்பு தொடங்கும் முன்பே ஒருநாள் நேரில் போகச் சொல்லுங்கள். எடிட்டர்கள் அப்போது முதல் இதழுக்கு ஆள் இல்லாமல் திண்டாடிக்கொண்டிருப்பார்கள்.